அரபுத் தமிழின் எகர ஒகரங்களை நீக்காதீர்கள்: மின்னாக்கக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அரபுத் தமிழ் நூல்களை, அதாவது அரபு எழுத்தில் எழுதப்பட்ட தமிழ் நூல்களை, மின்னாக்கம் செய்யும் திட்டத்தின் எழுத்துப்பெயர்ப்புக் குழுவினருக்கு,

நீங்கள் முடிவு செய்து அனுப்பியிருக்கும் நெறிமுறையை முழுவதும் படித்தேன். அரபு எழுத்தில் குறுகிய உயிர் மூன்று, நீண்ட உயிர் மூன்று. இவற்றுக்கு மேல் ஏடுகளில் காணப்படும் குறிகள் எழுதியவரின் கைப்பழக்கம் மட்டுமே என்கிறது அது. எகரக் குறி வந்தால் இகரமாகவும், ஒகரக் குறி வந்தால் உகரமாகவும் பதிய வேண்டும் என்கிறது. தேடலுக்கான சொல்லடைவில் எல்லாக் குறிகளையும் நீக்கிவிடச் சொல்கிறது. இந்த முடிவுகளை ஏற்க முடியாது. ஏன் என்று விளக்கித் தனியாக எழுதிய கடிதத்துக்கு, கருத்து பதிவு செய்யப்பட்டது என்ற ஒற்றை வரிதான் பதிலாக வந்தது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

தென்கடற்கரை ஊர் ஒன்றில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மதரசாவில் குர்ஆன் ஓதப் பழகிய அதே வயதில், உம்மம்மாவின் மடியில் அரபுத் தமிழ் படிக்கப் பழகினேன். உங்கள் திட்டத்துக்குப் பழைய நூல்களைப் படித்து எழுதித் தரும் தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. நெறிமுறை என்ன செய்கிறது என்பதை என் கையால் எழுதிக் கொடுத்த பக்கங்களிலேயே பார்த்துவிட்டேன்.

ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துச் சொல்கிறேன். முகப்புத் தாள் இல்லாத கல்லச்சு நூல் அது, அதாவது கையால் எழுதியதைக் கல்லில் ஏற்றி அச்சிட்டது. குழந்தைக்குப் பயம் கண்டால் என்ன செய்வது என்று ஓர் இடத்தில் வருகிறது: தண்ணீரில் ஓதி ஊதிக் கொடுக்கவும். எங்கள் வீடுகளில் இன்றும் புழங்கும் பேச்சு இது. முதலில் ஓதுவது, பிறகு ஊதுவது. இரண்டும் வேறு வேறு செயல்கள். நான் எழுதிக் கொடுத்த இந்த வரி உங்கள் திருத்தத்துக்குப் பிறகு இப்படி ஆகியிருக்கிறது: தண்ணீரில் ஊதி ஊதிக் குடுக்கவும். ஓதுதல் காணாமல் போய்விட்டது. அந்த வரியின் உயிரே ஓதுவதில்தான் இருக்கிறது. ஓதாமல் ஊதுவதற்கு அந்த நூல் எதற்கு?

அந்த இரண்டு சொற்களும் தாளில் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். இரண்டிலும் முதலில் அலிஃப் என்ற அரபு எழுத்து, அடுத்து வாவு என்ற எழுத்து. எலும்புக்கூடு ஒன்றேதான். ஊதி என்பதில் அலிஃபின் தலைமேல் இருப்பது வழக்கமான ளம்மு, அதாவது அரபியின் உகரக் குறி. ஓதி என்பதில் இருப்பது கவிழ்த்துப் போட்ட ளம்மு. வால் மேல் நோக்கி நிற்கிறது. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால், எழுதியவர் பேனாவைத் திருப்பிப் பிடித்து, வேண்டுமென்றே அந்தச் சுழியை எதிர்த்திசையில் இழுத்திருப்பது தெரிகிறது. கை நடுங்கியதாலோ மை சிந்தியதாலோ வந்த குறி அல்ல. அதே வரியில் கொடுக்கவும் என்ற சொல்லில் முதல் எழுத்தின் மேல் அதே கவிழ்ந்த ளம்மு இருக்கிறது. எகரத்துக்கு இதே வடிவத்தை எழுத்தின் கீழே இடுகிறார்கள். எகரமும் ஒகரமும் நெடிலாக வேண்டும் என்றால் முன்னதற்கு யா என்ற எழுத்தையும் பின்னதற்கு வாவையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான் முறை. ஒருவர் சொல்லிக் கொடுத்தால் ஒரு பிற்பகலில் பிடிபட்டுவிடும்.

உங்கள் பிழையின் வேர் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் அச்சாகும் குர்ஆன் பிரதிகளில் கவிழ்ந்த ளம்மு உண்டு. அது அங்கே ஊகார நெடிலைக் குறிக்கிறது. லஹூ என்ற சொல்லின் ஹாவின் மேல் அதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண், அரபுத் தமிழ்ப் பக்கத்திலும் அதை ஊ என்றே வாசிக்கும். ஒரே குறி குர்ஆன் அச்சில் ஊகாரம், அரபுத் தமிழில் ஒகரம். குறியின் மதிப்பை அதன் வடிவம் முடிவு செய்வதில்லை. அது எந்த மொழியை எழுதுகிறதோ அந்த மொழி முடிவு செய்கிறது. உங்கள் நெறிமுறை இதைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறது. எழுத்துமுறை அரபி என்பதால் உயிர்களின் எண்ணிக்கையும் அரபியுடையதே என்று கொண்டுவிட்டீர்கள்.

அரபுத் தமிழில் எழுதப்பட்டிருப்பது தமிழ். தமிழுக்கு உயிர் பன்னிரண்டு. குறில் ஐந்து, நெடில் ஏழு. இதைத் தொல்காப்பியம் வகுத்து வைத்திருக்கிறது. அரபிக்கு அ, இ, உ என்ற மூன்று ஒலிகளும் அவற்றின் நெடில்களும் போதும். எகரமும் ஒகரமும் அங்கே தனி உயிர்களாகப் பொருளை வேறுபடுத்துவதில்லை. அது அரபியின் இயல்பு, குறை அன்று. ஆனால் தமிழில் எடு வேறு, இடு வேறு. ஒரு வேறு, உரு வேறு. தெரு வேறு, திரு வேறு. கொடை வேறு, குடை வேறு. நேர் வேறு, நீர் வேறு. ஏடு வேறு, ஈடு வேறு. தோள் வேறு, தூள் வேறு. இறைவனின் அருளுக்கு எல்லை இல்லை என்று ஒரு பைத்தில், அதாவது பக்திப் பாட்டில், வருகிறது. உங்கள் விதிப்படி அது அருளுக்கு இல்லை இல்லை என்று ஆகும். புகழ்ந்து பாடிய அடி மறுப்பாகத் திரும்பிவிடுகிறது.

பொருளற்றுப் போகும் இடங்களைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. தூளின் மேல் துணியைப் போட்டான் என்று வந்தால் வாசகர் நின்று யோசிப்பார். தோள் என்று கண்டுகொள்வார். பொருள் தந்துகொண்டே தவறாகப் போகும் இடங்கள்தான் என்னை அச்சுறுத்துகின்றன. தண்ணீரை எடுத்து என்பதும் தண்ணீரை இடுத்து என்பதும் ஒன்றாகாது என்பதால் அது தப்பித்துக்கொள்ளும். ஆனால் உப்பை எடு, உப்பை இடு என்ற இரண்டும் நல்ல தமிழ். மருந்துக் குறிப்பில் இவை மாறிப்போனால் யார் கண்டுபிடிப்பார்? தொழுகை, நோன்பு, ஸகாத் ஆகியவற்றின் சட்டங்களைச் சொல்லும் நூல்களும் உங்கள் பட்டியலில் இருக்கின்றன. அவற்றில் எடு, இடு என்பவை வருகிற இடங்களை எண்ணிப் பாருங்கள்.

அரபு எழுத்துக்கு மூன்று உயிர்க்குறிகளே உரியவை, மற்றவை பிற்சேர்க்கை என்கிறீர்கள். அகர, இகர, உகரக் குறிகளான ஃபத்ஹாவும் கஸ்ராவும் ளம்முமே பிற்சேர்க்கைதான். தொடக்க கால குர்ஆன் ஏடுகளில் அவை இல்லை. கி.பி. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த அபுல் அஸ்வத் அத்துஅலி, உயிர் ஒலிகளைக் காட்ட வேற்று நிற மையில் புள்ளிகள் இடும் முறையைத் தொடங்கியவர் என்று அரபி இலக்கண மரபு சொல்கிறது. மேலே வைத்தால் அகரம், கீழே வைத்தால் இகரம், பக்கத்தில் வைத்தால் உகரம். அடுத்த நூற்றாண்டில் அல்கலீல் இப்னு அஹ்மது அல்ஃபராஹீதி அந்தப் புள்ளிகளை மாற்றி, இன்று நாம் அறிந்த வடிவங்களைத் தந்தார். ளம்மு என்பதே சின்னஞ்சிறு வாவுதான். அரபி அறியாத மக்கள் பிழையின்றி ஓத வேண்டும் என்பதற்காகவே இத்தனை ஏற்பாடும் என்று மார்க்க அறிஞர்களான ஆலிம்கள் சொல்வார்கள். மொழியின் தேவைக்கு எழுத்தை வளர்த்தவர்கள் அவர்கள். நம் முன்னோர் தமிழின் தேவைக்குச் செய்ததும் அதே வேலைதான்.

குர்ஆனிலேயே ஓர் இடம் இருக்கிறது. ஹூது என்னும் அத்தியாயத்தின் 41ஆம் வசனம். நூஹ் நபியின் கப்பல் ஓடுவதும் நிலைகொள்வதும் அல்லாஹ்வின் பெயரால் என்று வருகிற இடம். குர்ஆன் ஓதும் முறைகளில் ஹஃப்ஸ் முறைப்படி ஓதுகிற நாமெல்லாம் அங்கே மஜ்ரேஹா என்று ஏகாரமாக இழுத்து ஓதுகிறோம். குர்ஆன் முழுவதிலும் ஹஃப்ஸ் ஓதலில் இமாலா, அதாவது ஆகாரம் ஏகாரமாகச் சாய்வது, வரும் ஒரே இடம் அது. மதரசாவில் உஸ்தாது அந்த வசனத்துக்கு வந்ததும் நிறுத்தி, இங்கே மஜ்ராஹா என்றும் சொல்லாதே, மஜ்ரீஹா என்றும் சொல்லாதே என்று வாயசைத்துக் காட்டுவார். மதீனாவில் அச்சாகும் பிரதிகளில் அந்த ராவின் கீழே அதற்கென்று தனிக் குறி ஒன்று இருக்கிறது. ஒரே ஒரு இடத்தில் வரும் ஒரே ஒரு ஏகாரத்துக்குத் தனிக் குறி வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். தமிழில் வரிக்கு வரி வரும் ஏகாரத்தை நீங்கள் ஈகாரத்தில் கரைக்கிறீர்கள்.

அரபு எழுத்தை ஏற்ற மற்ற மொழிகள் என்ன செய்திருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். ஈராக்கிலும் ஈரானிலும் சோரானி குர்திஷ் எழுதுகிறவர்கள் யாவின் மேலும் வாவின் மேலும் கூம்பு போன்ற சிறு குறி வைத்து ஏகாரத்தையும் ஓகாரத்தையும் பிரித்துக் காட்டுகிறார்கள். உய்குர் மொழிக்கு எட்டு உயிர். எட்டுக்கும் தனித்தனி எழுத்து உண்டு, ஒன்றைக்கூட வாசகரின் ஊகத்துக்கு விடுவதில்லை. ஆப்பிரிக்காவில் ஹௌசா மொழியை அரபு எழுத்தில் எழுதுகிறவர்கள் எழுத்தின் கீழே புள்ளி வைத்து எகரத்தைக் காட்டுகிறார்கள். உருதுவில் சொல்லின் முடிவில் ஈகாரத்துக்குச் சின்ன யே, ஏகாரத்துக்குப் பெரிய யே. நம் பக்கத்து வீடான அரபி மலையாளத்திலும் எகர ஒகரங்களுக்கு வழி செய்திருக்கிறார்கள். உய்குருக்கு மூன்றே உயிர்தான் என்று எந்த நூலகமும் சொல்லவில்லை. அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகமே எழுத்துப்பெயர்ப்பில் அரபிக்கு ஓர் அட்டவணை, பாரசீகத்துக்கு ஓர் அட்டவணை, உருதுக்கு ஓர் அட்டவணை என்று பிரித்துத்தான் வைத்திருக்கிறது. எழுத்து ஒன்று என்பதற்காக எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் அடைக்கவில்லை.

மலாய் மொழி ஏற்ற அரபு எழுத்தான ஜாவியை உங்கள் தரப்புக்குச் சான்றாகக் காட்டியிருக்கிறீர்கள். மலாய் மொழியை ஜாவியில் எழுதும்போது இகரத்துக்கும் எகரத்துக்கும் ஒரே யா, உகரத்துக்கும் ஒகரத்துக்கும் ஒரே வாவு என்பது உண்மைதான். ஆனால் ஒரு மலாய் அறிஞர் பழைய ஜாவி நூலை ரோமன் எழுத்தில் பெயர்த்து எழுதும்போது, மனிதரைக் குறிக்கும் ஓராங் என்ற சொல்லை ஊராங் என்று எழுதுவதில்லை. எழுத்தில் வேறுபாடு இல்லாத போதும் மொழியை அறிந்து சரியான உயிரைத் தருகிறார். எங்கள் ஏடுகளில் வேறுபாடு எழுத்திலேயே இருக்கிறது. இருப்பதை நீங்கள் அழிக்கிறீர்கள்.

பாரசீகத்தின் கதை இதைவிட உறைக்கும். சிங்கத்துக்கும் பாலுக்கும் பாரசீக எழுத்தில் ஒரே எழுத்துக்கூட்டு: ஷீன், யா, ரே. பழைய பாரசீகக் கவிதைக் காலத்தில் சிங்கம் ஷேர், பால் ஷீர். ஈரானில் இன்று இரண்டும் ஷீர் ஆகிவிட்டன. ஆப்கானிஸ்தானில் பேசும் பாரசீகமான தாரியில் வேறுபாடு இன்றும் வாயில் வாழ்கிறது. உருதுவிலும் சிங்கம் ஷேர்தான். வாயில் வைத்துக் காத்த மக்கள் இருந்ததால்தான் எழுத்து காட்டாத அந்த வேறுபாடு நமக்குத் தெரிகிறது. அரபுத் தமிழை இன்று வாயால் படிக்கக்கூடியவர்கள் எங்கள் ஊர்களில் அருகிப்போய்விட்டார்கள். நாளை நீங்கள் ஏற்றி வைக்கும் கோப்புதான் சான்றாக நிற்கப்போகிறது. அதில் எகரம் இல்லை என்றால், அந்த நூல்களை எழுதியவர்கள் எகரத்தை எழுதவே இல்லை என்று ஆய்வாளர் முடிவு கட்டுவார்.

எழுதியவர்களிடம் ஒழுங்கு இல்லை, ஒரே சொல்லை ஒரு பக்கத்தில் இகரத்தோடும் மறுபக்கத்தில் எகரத்தோடும் எழுதுகிறார்கள், ஆகவே குறிகளை நம்ப முடியாது என்பது உங்கள் அடுத்த வாதம். இதற்குத்தான் நான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழாசிரியை என்ற முறையில் என்னை மிகவும் சங்கடப்படுத்திய வாதம் இதுவே.

பேச்சுத் தமிழில் இடம் எடம் ஆகிறது, இலை எலை ஆகிறது, உடம்பு ஒடம்பு ஆகிறது, உலகம் ஒலகம் ஆகிறது. அடுத்து அகரமோ ஐகாரமோ வரும்போது முன்னுள்ள இகர உகரங்கள் தாழ்ந்து எகர ஒகரங்களாக ஒலிப்பது தமிழின் பெரும்பாலான வட்டாரங்களில் உள்ள வழக்கு. மறுபக்கம் கொடு என்பது குடு ஆகிறது. தமிழ் எழுத்தில் எழுதுகிறவர் இவற்றை ஏட்டில் ஏற்றமாட்டார். பள்ளியில் கற்ற எழுத்துக்கூட்டு கையைப் பிடித்து இழுக்கும். அரபுத் தமிழ் எழுதியவருக்கு அந்தப் பிடி தளர்வாக இருந்தது. அவர் காதில் கேட்டதை எழுதினார். ஒரு நூலில் இலை என்றும் எலை என்றும் மாறி மாறி வந்தால், அது எழுதியவரின் குழப்பம் என்று தள்ளுவதற்கு முன், பின்னால் வரும் ஒலி எது என்று பாருங்கள். நான் படித்த பக்கங்களில் எகரம் ஏறிய இடங்கள் பெரும்பாலும் இந்தப் பேச்சு விதிக்குக் கட்டுப்பட்டே இருக்கின்றன. இடு, இரு போன்ற சொற்களில் அந்த மாற்றம் வருவதில்லை. அங்கே பின்னால் வருவது உகரம்.

இதன் மதிப்பு உங்களுக்குப் புரிய வேண்டும். கடற்கரைத் தமிழ் முஸ்லிம்கள் எப்படிப் பேசினார்கள் என்பதற்கு ஒலிப்பதிவு இல்லாத காலத்துச் சான்று இது. காயல்பட்டினத்தில் எழுதிய ஏட்டையும் இலங்கையில் எழுதிய ஏட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தச் சொல்லில் எந்த உயிர் என்று ஒப்பிட்டால் எவ்வளவோ தெரியவரும். நீங்கள் ஒழுங்கின்மை என்று பெயரிட்டு நீக்கச் சொல்வது, தமிழ் மொழியியலுக்குத் தேவையான அந்தத் தரவையே.

அரபி இலக்கணம் அறியாதவர்கள் தோன்றியபடி குறி இட்டார்கள் என்ற தொனியும் நெறிமுறையில் ஓரிடத்தில் இருக்கிறது. அதைப் படித்தபோது கோபம் வந்தது. 1816 இல் காயல்பட்டினத்தில் பிறந்து, கீழக்கரையில் வாழ்ந்து, 1898 இல் மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிமை இமாமுல் அரூஸ் என்று போற்றுகிறோம். அரபியிலும் அரபுத் தமிழிலும் நூல்கள் இயற்றியவர் அவர். அரபிக்கு எத்தனை உயிர் என்பது அவருக்கும் அவர் காலத்து ஆலிம்களுக்கும் தெரியாதா? தெரிந்துதான், அரபி வரியில் மூன்றோடு நின்றார்கள். தமிழ் வரிக்கு வந்ததும் ஐந்தையும் எழுதினார்கள். ஒரே பக்கத்தில் அரபி பைத்தும் அதன் கீழே தமிழ் விளக்கமும் இருக்கும் நூல்களை எடுத்துப் பாருங்கள். அரபி வரிகளில் ஒகரமாக நிற்கும் கவிழ்ந்த ளம்மைத் தேடினால் கிடைக்காது. தமிழ் வரி தொடங்கியதும் வந்துவிடும். இதைவிடத் தெளிவாக ஒருவர் தம் முறையை எப்படிக் காட்ட முடியும்?

தமிழ் எழுத்தின் வரலாறே நமக்கு எச்சரிக்கையாக இருக்கிறது. எகர ஒகரங்களுக்குப் புள்ளி இட வேண்டும் என்று தொல்காப்பியம் சொன்னது. நன்னூலும் அதைச் சொன்னது. ஓலையில் எழுத்தாணியால் எழுதியவர்கள் புள்ளியை விட்டுவிட்டார்கள். ஓலையில் இருப்பது எரியா ஏரியா என்று இடம் பார்த்துத் தீர்மானிக்க வேண்டிய நிலை வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த மாற்றம் பரவிய பிறகுதான் குறிலும் நெடிலும் கண்ணுக்குத் தெரியும்படி பிரிந்தன. பழஞ்சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் அந்தப் புள்ளியின்மையால் பட்ட பாட்டைத் தமிழ் படித்தவர்கள் அறிவார்கள். அரபுத் தமிழோ, யாவும் வாவும் சேர்வதைக் கொண்டே குறிலையும் நெடிலையும் பிரித்துவிடுகிறது. எந்தச் சிக்கலிலிருந்து தமிழ்ப் பதிப்பாளர்கள் அரும்பாடுபட்டு வெளியே வந்தார்களோ, அந்தச் சிக்கலைத் தெளிவாக எழுதப்பட்ட நூல்களுக்குள் நீங்கள் புதிதாகக் கொண்டுவருகிறீர்கள்.

கணினியில் இந்தக் குறிகளைத் தட்டச்சு செய்ய முடியாது என்ற காரணமும் இன்று நிற்காது. கவிழ்ந்த ளம்மு யூனிகோடில் ஏற்கெனவே இருக்கிறது. எழுத்தின் கீழே வரும் திரும்பிய ளம்மும், அரபுத் தமிழுக்கான வேறு எழுத்துகளும் 2015 இல் வெளியான யூனிகோட் 8.0 பதிப்பில் சேர்க்கப்பட்டன. உலக அளவில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் அமைப்பு இவற்றைத் தனித்தனிக் குறிகளாக ஒப்புக்கொண்டுவிட்டது. எழுத்துரு சரியாகக் காட்டவில்லை என்றால் எழுத்துருவைச் சரி செய்ய வேண்டும். மூலத்தை வெட்டக் கூடாது.

அரபு எழுத்து அப்ஜத் வகையைச் சேர்ந்தது, மெய்யை மட்டுமே எழுதுவது அதன் இலக்கணம் என்று உங்கள் முன்னுரை சொல்கிறது. அந்த வகைப்பெயரை எழுத்துமுறை ஆய்வில் அறிமுகப்படுத்தியவர் பீட்டர் டேனியல்ஸ். அது 1990 இல். உயிர்க்குறி இடாமல் எழுதும் அன்றாட அரபிக்கு அந்த வகைப்பாடு பொருந்தும். குறியை விடாமல் இட்டு எழுதும் மரபுக்கு அதை அப்படியே போர்த்த முடியாது. உய்குரும், பெருமளவுக்குக் குர்திஷும் அதே எழுத்தை உயிரும் மெய்யும் நிறைந்த முழு அகரவரிசையாக ஆக்கிக்கொண்டிருக்கின்றன. அரபுத் தமிழில் உயிர்க்குறி இல்லாத பக்கத்தை நான் பார்த்ததே அரிது.

அதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தை எந்த ஆய்வுரையும் என் உம்மம்மாவைவிட நன்றாகச் சொல்ல முடியாது. அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. குர்ஆன் ஓதத் தெரியும், ஆகவே அரபு எழுத்து தெரியும், ஆகவே அரபுத் தமிழ் படிப்பார். பெண்கள் தொழக் கூடும் இடமான தைக்காவில் மாலை நேரத்தில் ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்பார்கள். அவர் படிக்கும் முறை வரும்போது விரலால் ஒவ்வொரு குறியையும் தொட்டுத் தொட்டுப் படிப்பார். குறி இல்லாமல் எழுதினால் அந்தப் பெண்களால் படிக்க முடியாது. அவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காகவே ஆலிம்கள் ஒரு குறியையும் விடாமல் எழுதினார்கள். பள்ளிக்கு அனுப்பப்படாத பெண்களுக்கு எழுத்தறிவும் மார்க்க அறிவும் மருத்துவ அறிவும் கிடைத்த வழி இது. கவிழ்ந்த ளம்மை அலங்காரம் என்று நெறிமுறையில் எழுதியிருப்பவர் இந்த வாசகிகளைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஐகார ஔகாரங்களைப் பற்றியும் குற்றியலுகரத்தைப் பற்றியும் நெறிமுறையில் இருப்பவற்றில் எனக்குப் பெரிய மாறுபாடு இல்லை. ஐயை அய் என்று பதிவது படிப்பவருக்குக் குழப்பம் தராது. எகர ஒகரங்களில் மட்டும் விட்டுக்கொடுக்க இடமில்லை.

என் கோரிக்கைகளை ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்கிறேன்.

உயிர்களை வகைப்படுத்தும் பகுதியைத் திரும்பப் பெற்று, அரபுத் தமிழுக்குத் தமிழின் பன்னிரண்டு உயிர்களையும் அடிப்படையாகக் கொண்ட புதிய அட்டவணையை வெளியிடுங்கள். அதில் எகரக் குறியும் ஒகரக் குறியும் தனித்த உயிர்க்குறிகளாக இடம்பெற வேண்டும். அரபி மேற்கோள்களுக்கு அரபியின் அட்டவணையே இருக்கட்டும். எந்த வரி அரபி, எந்த வரி தமிழ் என்று குறித்துவிட்டால் போதும்.

ஏட்டில் உள்ளதை உள்ளபடி குறிகளோடு ஓர் அடுக்கில் பதியுங்கள். பதிப்பாசிரியர் வாசித்த வடிவத்தை இன்னோர் அடுக்கில் வையுங்கள். எழுதியவர் எலை என்று எழுதியிருந்தால் முதல் அடுக்கில் எலை இருக்க வேண்டும். இலை என்று திருத்த விரும்புகிறவர் இரண்டாவது அடுக்கில் திருத்தட்டும். குறி விடுபட்ட இடத்தில் நீங்கள் சேர்த்த உயிரை வேறுபடுத்திக் காட்டுங்கள்.

சொல்லடைவிலிருந்து குறிகளை நீக்கும் முறையை நிறுத்துங்கள். குறி தட்டச்சு செய்யத் தெரியாதவருக்கும் தேடல் உதவ வேண்டும் என்பது நியாயமானதே. அதற்குத் தேடும் நேரத்தில் தளர்வு கொடுங்கள், சேமித்து வைக்கும் தரவில் கை வைக்காதீர்கள்.

பழைய நெறிமுறைப்படி ஏற்கெனவே மாற்றி வெளியிட்ட பக்கங்களை மூலப் படங்களோடு ஒப்பிட்டு மீண்டும் திருத்துங்கள். அந்த வேலை முடியும் வரை ஒவ்வொரு பக்கத்தின் மேலும், உயிர்க்குறிகள் முழுமையாகப் பதியப்படவில்லை என்ற அறிவிப்பை இடுங்கள். மார்க்கச் சட்டம், மருத்துவம் சார்ந்த நூல்களை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

குழுவில் அரபுத் தமிழை வாய்விட்டுப் படிக்கத் தெரிந்தவர்களைச் சேருங்கள். காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கையின் பேருவளை, காத்தான்குடி போன்ற ஊர்களில் அப்படிப்பட்ட முதியவர்களைத் தேடிச் செல்லுங்கள். அவர்களில் பெண்கள் கட்டாயம் இருக்க வேண்டும். ஒவ்வொரு நூலிலிருந்தும் சில பக்கங்களையாவது அவர்கள் படிக்க ஒலிப்பதிவு செய்து, பெயர்த்தெழுதிய பக்கத்தோடு இணையுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள், அவர்களுக்கு வயதாகிவிட்டது.

இந்தக் கோரிக்கைகளில் எவற்றை ஏற்கிறீர்கள், எவற்றை மறுக்கிறீர்கள், மறுத்தால் ஏன் என்று அடுத்த தொகுதி நூல்களை வெளியிடுவதற்கு முன் எழுத்தில் பதில் தாருங்கள். அட்டவணை தயாரிக்கவும், மாற்றிய பக்கங்களை மூலத்தோடு ஒப்பிடவும் நானும் என்னோடு படிக்கும் பெண்களும் ஊதியம் எதிர்பாராமல் வரத் தயாராக இருக்கிறோம். பழைய நெறிமுறை நீடிக்கும் வரை, புதிய பக்கங்கள் எதையும் எழுதித் தரமாட்டோம்.

இப்படிக்கு,
அரபுத் தமிழ் படிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை